தொழுவத்து நீரும் தறிக்குழியும்

காஞ்சி நகரிலும், அதனைச் சூழ்ந்த ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை முதலிய ஊர்களிலும், நெசவையும் கறவையையும் ஒரே கூரையின் கீழ் நடத்திவரும் குடும்பங்கள் உண்டு. முன்கட்டில் தறி, பின்கட்டில் மாடு. விடியற்காலையில் பால் கறந்து சங்கத்துக்கு ஊற்றிவிட்டு வந்த கைகளே சற்று நேரத்தில் நாடாவைப் பிடிக்கின்றன; சாணம் அள்ளிய பெண்களே பிறகு தார் சுற்ற உட்காருகின்றனர். நெசவுக் கூலி தாமதப்படும் மாதங்களில் பால் பணமே அடுப்பை எரியவைக்கிறது. ஆகவே இந்த ஏற்பாட்டைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், மனிதரும் கால்நடையும் இவ்வளவு நெருங்கி வாழும் இடத்தில், ஓர் உடலில் உள்ள கிருமி மற்றோர் உடலுக்குச் செல்லும் வழிகள் எவை என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம். அவ்வாறு பரவும் நோய்கள் பலவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் ஈண்டு விரிவாகக் கூறுவோம். அது நெசவாளியின் காலையும் கண்ணையும் பற்றுகிற நோய் என்பதே அதற்குக் காரணம்.

1993-ஆம் ஆண்டின் இறுதியில் தென் மாவட்டங்களில் பெருமழை பெய்து வெள்ளம் சூழ்ந்தது. வெள்ளம் வடிந்து சில மாதங்கள் சென்றபின், 1994-இல், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண் சிவந்து, வலியெடுத்து, பார்வை மங்கிய நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக வந்துகொண்டிருந்தனர். இவர்களுக்குக் கண்ணின் நடு உறையில் கடும் அழற்சி கண்டிருந்தது. சிலருக்குக் கருவிழியின் பின்புறம் சீழ் தேங்கியிருந்தது. டாக்டர்கள் அமெரிக்க ஆராய்ச்சியாளரின் துணையையும் பெற்று ஆராய்ந்தபோது, நோயாளிகளின் இரத்தத்திலும், சிலருடைய கண்ணுக்குள் இருந்த நீரிலும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமியின் தடயம் கிடைத்தது. இத்தகைய நோயாளிகள் 73 பேரைப் பற்றிய கட்டுரை 1997-இல் வெளியாயிற்று. வெள்ள நீரில் கால் நனைத்தவருக்குப் பல வாரங்கள், பல மாதங்கள் கழித்துக் கண்ணில் நோய் வெளிப்படும் என்பதை நம் நாட்டார் தெளிவாக உணர்ந்துகொண்டது இந்த நிகழ்ச்சியினால்தான் எனலாம். தக்க சிகிச்சை பெற்றவர்களில் மிகுதியானோர் பார்வையை மீட்டுக்கொண்டனர் என்பது ஆறுதல் தரும் செய்தி.

இந்தக் கிருமியின் கதை பழையது. 1886-இல் ஜெர்மனியில் அடால்ஃப் வைல் என்னும் டாக்டர், காய்ச்சலும் காமாலையும் சிறுநீரகக் கேடும் ஒருங்கே தோன்றும் ஒரு நோயை விவரித்தார். அந்நோய்க்குக் காரணமான கிருமியை, ஜப்பான் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே இனாடா, இடோ என்னும் இருவர் 1915-இல் கண்டறிந்தனர். சுரங்கத்தில் தேங்கிய நீரில் நின்று வேலை செய்தவர்கள் அவர்கள். நெல் வயலில் சேற்றில் நிற்பவர், கரும்பு வெட்டுபவர், சாக்கடை துப்புரவு செய்பவர், மாடு கறப்பவர், இறைச்சிக் கூடத்தில் வேலை செய்பவர் என, இந்நோய் எங்கும் ஈரத்தில் பாடுபடுவோரையே நாடிச் செல்கிறது. நம் நாட்டில் அந்தமான் தீவுகளில் மழைக்காலம் முடிந்ததும் நுரையீரலில் இரத்தம் கசிந்து பலர் இறந்தபோது, காரணம் விளங்காமையால் அதனை ‘அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்றே சில ஆண்டுகள் அழைத்துவந்தனர். 1990-களில்தான் அதுவும் இக்கிருமியின் வேலை என்று தெளிவாயிற்று. உலகம் முழுவதிலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 லட்சம் பேரை இந்நோய் பற்றுகிறது என்றும், அவர்களுள் 59,000 பேர் அளவில் உயிரிழக்கின்றனர் என்றும் 2015-இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது.

கிருமியோ மிக மெல்லியது. முறுக்கிய இழையைப் போன்ற வடிவும், கொக்கி போல் வளைந்த நுனியும் உடையது. இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கே. பட்டிழையோடு ஒப்பிட்டால், தேர் வடத்தின் பக்கத்தில் நூலை வைத்ததுபோல் இருக்கும். நோய்ப்பட்ட பிராணியின் சிறுநீரகத்தில் இது குடியேறி, அப்பிராணி நலமாகத் தோன்றும்போதும், சிறுநீருடன் பல மாதங்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும். வெளியே வந்த கிருமி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிருடன் இருக்க வல்லது. வெயிலிலும் உலர்ந்த தரையிலும் விரைவில் மாண்டுபோம். மனித உடலில் புகுவதற்கு அதற்குப் பெரிய காயம் வேண்டுவதில்லை. சேற்றுப்புண், பித்தவெடிப்பு, நீரில் ஊறி மென்மையான தோல், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் ஈரப்படலம் இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும்.

தமிழில் இதற்கு ‘எலிக் காய்ச்சல்’ என்னும் பெயர் வழங்கிவருகிறது. இந்தப் பெயர் பாதி உண்மையையே சொல்லுகிறது என்பது நம் கருத்து. எலி இக்கிருமியைச் சுமப்பது மெய்யே. ஆனால் மாடு, எருமை, ஆடு, பன்றி, நாய் ஆகியவையும் சுமக்கின்றன. நியூஸிலாந்து நாட்டில் இந்நோய் நெடுங்காலம் பால்பண்ணைத் தொழிலாளரின் நோயாகவே இருந்துவந்தது. கறவைக் கூடத்தில் மாட்டின் பின்புறம் நின்று கறப்போர் முகத்தில் சிறுநீர் தெறிப்பதே அதற்கு முக்கியக் காரணமாயிற்று. அந்நாட்டார் மாடுகளுக்கும் பன்றிகளுக்கும் தடுப்பூசி போடத் தொடங்கிய பிறகு, பால்பண்ணையாளரிடையே நோய் வெகுவாகக் குறைந்தது. எலியை ஒழிப்பதினால் மட்டும் அது நேர்ந்திராது. நம் வீடுகளில் எலி பாவைக் கடித்துவிட்டால் அந்த நட்டம் உடனே கண்ணுக்குத் தெரிகிறது, பொறி வைக்கிறோம். தொழுவத்தில் நன்றாகத் தீனி தின்று அசைபோட்டுக்கொண்டிருக்கும் பசுவின் மேல் யாருக்கும் ஐயம் பிறப்பதில்லை. சினை மாடு காலத்துக்கு முன்பே கன்று வீசினாலோ, பால் திடீரென்று வற்றினாலோ, பால் இரத்தம் கலந்து சிவந்து வந்தாலோதான் ஐயம் எழுகிறது. அப்பொழுதும் கண்ணேறு பட்டுவிட்டது என்று திருஷ்டி கழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவோரும் உண்டு.

இனி நம் ஊரின் நிலைமையைப் பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வேகவதிக் கரையிலும் பள்ளமான தெருக்களிலும் நீர் தேங்குகிறது. 2015-ஆம் ஆண்டின் மழையை யாரும் மறந்திருக்க முடியாது. தொழுவத்துக் கழுநீர், தெருவில் திரியும் மாடுகளின் மூத்திரம், எலி வளையிலிருந்து வழியும் நீர் யாவும் மழைநீரோடு கலந்து ஒன்றாகின்றன. குழித்தறியோ தரைமட்டத்துக்குக் கீழே இருப்பது. நிலத்தில் ஊற்று ஏறும்போது குழியில் நீர் கசிவதும், அதனை இறைத்துவிட்டு ஈரம் காயுமுன்பே தறியில் அமர்வதும் மழைக்காலத்தில் நடப்பவை. தவணைக்குள் சேலையை அறுத்துக் கொடுத்தாக வேண்டுமே! மிதியை உணர்ந்து மிதிக்க வேண்டியிருப்பதால் காலில் ரப்பர் செருப்பும் அணிவதற்கில்லை. இவ்வாறு, வெடிப்பு விழுந்த வெறுங்கால் அந்த ஈரத்தில் மணிக்கணக்கில் இருக்கிறது. இறைக்கும்போது நீரில் இறங்குபவரும் பெரும்பாலும் அதே நெசவாளிதான். எல்லாத் தறிக்குழிகளிலும் கிருமி இருக்கிறதென்று நாம் கூறவில்லை. கிருமி இருக்குமாயின் அதற்கு இதைவிட வசதியான வாயில் வேறில்லை என்பதையே கூறுகிறோம்.

இந்நோயில் நெசவாளிக்கென்றே தனிப்பட்ட அபாயம் ஒன்று இருக்கிறது. கிருமி உடலில் புகுந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள், குளிருடன் கடுங்காய்ச்சலும் தலைவலியும் தோன்றும். கெண்டைக்கால் சதை தொட்டாலே வலிக்கும், இடுப்பும் வலிக்கும். கண்கள் சிவக்கும், ஆனால் பீளை தள்ளாது. இப்போது எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் மிதி மிதிப்பவனுக்குக் கெண்டைக்கால் வலித்தால் அது தொழில் வலி என்றுதானே நினைப்பான்? கோர்வைச் சேலையில் சரிகைக் கரையை உற்று நோக்கி நெய்பவனுக்குக் கண் சிவந்தால், விளக்கு வெளிச்சம் போதவில்லை என்றுதானே வீட்டார் சொல்லுவர்? தொழிலின் அலுப்பைப் போலவே நோயும் வேடம் பூண்டு வருகிறது. கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுபடியும் தறியில் ஏறுகின்றனர். வலி மாத்திரைகள் சிலவோ, கிருமியால் ஏற்கெனவே நலிந்துள்ள சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக் கூடியவை. நான்கைந்து நாட்கள் இப்படிக் கழிந்தபின், கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்து, அல்லது இருமலில் இரத்தம் கண்டு, மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் நிலை சிலருக்கு ஏற்படுகிறது. முதல் சில நாட்களுக்குள் டாக்டரிடம் சென்றால் பெனிசிலின், டாக்ஸிசைக்ளின் போன்ற, விலை மிகாத பழைய மருந்துகளாலேயே இந்நோய் அடங்கிவிடும்.

தடுக்கும் முறைகளில் முதலிடம் உலர்த்துதலுக்கே உரியது. தொழுவத்தின் தரையைச் சிமெண்டினால் பூசி, வீட்டின் பக்கமாக அன்றி எருக்குழியின் பக்கமாகச் சரிவு கொடுத்து, மூத்திரம் ஒரே கால்வாயில் ஓடும்படி செய்தல் வேண்டும். தவிடு, பிண்ணாக்கு, பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சி ஆகியவற்றை மூடியுள்ள தகர டிரம்மில் வைத்தால் எலி தங்காது. குழியில் நீர் கசிந்தால், முழங்கால் வரை ரப்பர் பூட்சு அணிந்து இறைத்து, உலர்ந்த மணல் பரப்பி, ஒரு நாளாவது காயவிடுதல் நலம். பலர் பிளீச்சிங் பவுடரைத் தூவலாமா என்று கேட்கின்றனர். கிருமியைக் கொல்லும் வன்மை அதற்கு உண்டு. ஆனால் குளோரின் பட்டுக்கு எமன். இழையை இற்றுப்போகச் செய்யும். சரிகையையும் கறுக்க வைக்கும். ஆகவே பாவு தறியில் ஏறியிருக்கும்போது அதனைத் தறியின் பக்கத்திலும் கொண்டுவரலாகாது. பாவு அறுந்து, தறி வெறுமையாக இருக்கும் இடைவேளையில் மட்டும் குழியில் தெளித்து, நன்றாகக் கழுவி, நெடி முற்றும் போனபின் அடுத்த பாவைப் பிணைக்கலாம். தொழுவத்தில் தூவுவதற்கு இத்தடை இல்லை. காலிலோ கையிலோ வெட்டுப்பட்டிருந்தால் நீர் புகாத பிளாஸ்திரியால் மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். சாயத் தொட்டியில் கை ஊறி வெடித்திருப்பவர்களும் மாடு கழுவும்போது இதில் கவனமாக இருத்தல் வேண்டும்.

கோமியம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாதிருத்தல் இயலாது. வீட்டைப் புனிதப்படுத்தக் கோமியம் தெளிக்கும் வழக்கம் கோயில் நகரமான நம் ஊரில் ஆழ வேரூன்றியது. வழக்கத்தின் பெருமையை நாம் குறைக்க வரவில்லை. ஆனால் பசு தெய்வமானாலும் அதன் சிறுநீரகத்தில் கிருமி குடியேற மறுப்பதில்லை. புதிதாகப் பிடித்த கோமியத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும், குடிப்பதும், குழந்தைகளின் வாயில் விடுவதும் தவிர்க்க வேண்டியவை. கன்று வீசிய மாட்டின் கோமியத்தைத் தெளிக்கவே கூடாது.

கன்று வீசுதல் என்றதும் மற்றொரு கிருமியையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அது புரூசெல்லா. மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவில் ஆங்கிலேயப் படைவீரர்கள் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலால் வாடினர். டேவிட் புரூஸ் 1887-இல் அதன் கிருமியைக் கண்டார். ஆனால் அது எங்கிருந்து வருகிறதென்று விளங்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1905-இல் அத்தீவினரான செம்மிட் என்னும் டாக்டர், நோயின் அறிகுறி ஒன்றுமில்லாத ஆடுகளின் உடலில் அக்கிருமி இருப்பதை வெளிப்படுத்தினார். மறு ஆண்டில் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சலும் அவர்களிடையே கிட்டத்தட்ட நின்றுவிட்டது. நம் இல்லங்களில் பாலைக் காய்ச்சாமல் குடிப்பவர் குறைவாதலால் பால் வழி ஓரளவு அடைபட்டிருக்கிறது. கறந்த சூட்டோடு பச்சைப்பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பழக்கம் எங்கேனும் இருந்தால் அதனை விட்டுவிட வேண்டும். நம்மிடம் திறந்தே கிடக்கும் வழி வேறு. வீசிய கன்றையும் இளங்கொடியையும் வெறுங்கையால் எடுப்பதுதான் அது. அதில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் பழைய வழக்கத்தையும் இத்தகைய ஈற்றில் பின்பற்றலாகாது. கையுறை அணிந்து எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். மனிதனுக்கு இந்நோய் கண்டால் மாலைக் காய்ச்சல், வியர்வை, மூட்டு வலி, முதுகு வலி என மாதக்கணக்கில் நீளும். முதுகு வலியையும் தறியின் மேல் பழி போட்டுவிடுவோம் அல்லவா? ஆறு வாரம் இரு மருந்துகளைச் சேர்த்து உட்கொண்டால்தான் அடங்கும். 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஒருமுறை தடுப்பூசி போட்டால் போதும். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இது கட்டணமின்றிப் போடப்படுகிறது. இத்தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இருப்பதால், கன்றைப் பிடித்துக்கொள்பவர் மருந்து தம்மேல் படாதபடி ஒதுங்கி நிற்றல் வேண்டும்.

அடைப்பான் நோயை உழவர்கள் நன்கு அறிவார்கள். முதல்நாள் மேய்ந்த மாடு மறுநாள் வீங்கி இறந்துகிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வழியும். இதன் கிருமி வித்தாகி மண்ணில் பல்லாண்டுகள் கிடக்கும். இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரத்துக் கம்பளி ஆலைகளில் மயிர் பிரித்த தொழிலாளிகள் நுரையீரல் நோயால் திடீர் திடீரென்று மடிந்ததும் இக்கிருமியால்தான் என்று 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெளிவாயிற்று. நெசவுத் தொழிலும் இந்நோய்க்குத் தப்பவில்லை. கூடு வெந்நீரில் வெந்து, நூல் சோப்பு நீரில் காய்ச்சப்பெற்று வரும் பட்டில் அத்தகைய அச்சத்துக்கு இடமில்லை. நம் பக்கத்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள், சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்த அடைப்பான் நோயாளிகளைப் பற்றி எழுதியுள்ளனர். கிருமி மூளை உறையைத் தாக்கியவர்களும் அவர்களுள் இருந்தனர். இறந்த மாட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. கால்நடை டாக்டர் வரும்வரை தொடாதிருக்க வேண்டும். இதற்கான தடுப்பு மருந்து, 1932-இல் நிறுவப்பெற்ற இராணிப்பேட்டை நிலையத்திலேயே தயாராகிறது.

கிருமி எப்பொழுதும் மாட்டிலிருந்து மனிதனுக்குத்தான் வரும் என்று நினைப்பதும் தவறு. காசநோய் இரு திசையிலும் செல்லும். மாட்டின் காசநோய் மனிதனைத் தொற்றுவது அரிது என்று காசநோய்க் கிருமியைக் கண்ட இராபர்ட் காக் அவர்களே 1901-இல் இலண்டனில் கூறினார். பத்தாண்டு ஆராய்ந்த ஆங்கிலேய அரசுக் கமிஷன் அக்கூற்று சரியன்று என்று முடிவு செய்தது. அண்மையில், 2020-இல், வேலூரில் சேகரித்த மாதிரிகளை ஆராய்ந்தவர்கள், ஓரிஜிஸ் என்னும் காசக்கிருமி இனம் நம் நாட்டு மனிதரிடத்தும் இருப்பதைத் தெரிவித்தனர். அதே இனம் சென்னைப் பக்கத்து மாடுகளிலும் காணப்பட்டிருக்கிறது. வீட்டில் காசநோயாளி இருந்தால், சளியில் கிருமி நீங்கியது என்று டாக்டர் சொல்லும்வரை அவர் மாடு கறத்தலும் தொழுவத்தில் உறங்குதலும் கூடாது.

மாட்டுக்கு மிஞ்சிய ஊசி மருந்தைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் பாதி அளவு போடும் சிக்கனத்தை நாம் சிறிதும் ஆதரிக்கவில்லை. அரைகுறை மருந்தில் பிழைத்த கிருமி மருந்துக்கு அடங்காததாகி, அதே சாணத்தின் வழியாக நம் குடலுக்கு வந்து சேரும்.

லெப்டோஸ்பைராவுக்கு மாடுகளுக்கென நம் நாட்டில் பொதுத் தடுப்பூசித் திட்டம் இல்லை. ஆதலின் காலத்தில் கண்டுபிடிப்பதே பெரிதும் நம் கையில் இருக்கிறது. மழைக்காலத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் இரண்டு நாட்களுக்கு மேல் காத்திராமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லவும். “எனக்குக் காய்ச்சல்” என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடாமல், வீட்டில் மாடு இருக்கிறது, அது கன்று வீசியது, குழியில் நீர் இறைத்தேன், இத்தனை நாளாயிற்று என்பவற்றையும் டாக்டர் கேட்குமுன்பே தெரிவிக்கவும். இரத்தப் பரிசோதனையில் எதைத் தேட வேண்டும் என்பது அவருக்கு அப்பொழுதுதான் விளங்கும். மாட்டின் இரத்தத்தைப் பரிசோதிக்க உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தின் மூலம் ஏற்பாடு செய்யலாம்; சென்னை மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் லெப்டோஸ்பைரா ஆராய்ச்சிக்கூடம் இதற்கென்றே இருக்கிறது. காய்ச்சல் தீர்ந்தவர்கள் அதன்பின் ஆறு மாதம்வரை கண்ணைக் கவனித்துவர வேண்டும். கண் சிவந்து, வெளிச்சம் கூசி, ஊடை இழை மங்கித் தெரிந்தாலோ, கண்முன் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, கடைச் சொட்டு மருந்தை நம்பாமல் கண் டாக்டரிடம் அந்தப் பழைய காய்ச்சலைக் குறிப்பிட்டுக் காட்டிக்கொள்ளவும்.